துரை வருகிறார் என்று மெழுகிய சுவர்

குழிக்குள் எட்டிப் பார்த்த குலசிங்கம் சார் தொப்பியைக் கழற்றினார். கழற்றிய தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

காலை வெயில் குழியின் சுவரில் நேராக விழுந்துகொண்டிருந்தது. சுவர் பளபளத்தது. ஒரு கல் துருத்தவில்லை, ஒரு வேர் நீட்டவில்லை. குன்றின் அடியிலிருந்து கூடை கூடையாகக் களிமண் சுமந்து வந்து, விரல் கனத்துக்குப் பூசி, சங்குல் மண்வெட்டியின் முதுகால் தட்டி, கடைசியில் ஈரச் சாக்கால் இழுத்துவிட்டிருந்தார்கள். வேலை என்றால் அது வேலை.

மேலே வீராசாமியும் அவர் ஆட்களும் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் துவைத்த சட்டை. பாராட்டுக்குக் காத்திருக்கும் முகங்கள்.

"நேத்து சாயங்காலமே பூசிட்டோம் சார். இன்னிக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்கள்ல. எப்புடி இருக்கு?" என்றார் வீராசாமி.

சார் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ரோஸ், ஆர் இவையளை இப்பிடிச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

அவர் அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஒரு தலைநகரம்

பல்கலைக்கழக விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் போன வாரம் எழுதினேன் அல்லவா, பழைய தோழிகள் போன் போட்டுச் சண்டை பிடித்தார்கள். அவ்வளவு மோசமா அந்தச் சாம்பார் என்று கேட்கிறார்கள். அவ்வளவு மோசம்தான். இந்த வாரம் சாம்பாரை விட்டு மண்ணுக்கு வருகிறேன்.

மலாயா அவசரகாலத்தின் நடுப்பகுதி அது. நான் சிங்கப்பூரில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மகள், வேதக்காரப் பெண், அவ்வளவு தூரம் போய்ப் படிக்கிறாள் என்று ஊரில் பாதிப் பேர் பெருமைப்பட்டார்கள். மீதிப் பேர் இவளுக்கு யார் மாப்பிள்ளை தேடுவது என்று கவலைப்பட்டார்கள்.

ஒரு விடுமுறைக்கு முன் குலசிங்கம் சார் என்னைக் கூப்பிட்டார். எங்கள் விரிவுரையாளர்களில் இளையவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். கோலா சிலாங்கூர் குன்றைப் பல்கலைக்கழகம் தோண்டப் போகிறது, உன் ஊர்தானே, வருகிறாயா என்று கேட்டார்.

"அங்க என்ன சார் இருக்கு? பீரங்கியும் குரங்கும்தான் இருக்கு," என்றேன்.

"அந்தப் பீரங்கிக்கு முன்னால ஒரு ராசா இருந்தவர். அது அவற்ற தலைநகரம். அவற்ற அரண்மனை எங்கயெண்டு ஆரும் தேடிப் பார்க்கேல்லை."

எனக்கு ரோஷமே வந்துவிட்டது. எங்கள் ஊரில் கலங்கரை விளக்கு உண்டு, ஆற்று முகத்துவாரம் உண்டு, மீன் நாற்றம் தாராளமாக உண்டு. தலைநகரம் இருந்ததென்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. கிளம்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாளில் இப்படிப்பட்ட வேலைக்கெல்லாம் தலைவர் என்றால் வெள்ளைக்காரர்தான். இந்த வேலைக்கு எங்களைப் போலக் கறுத்த ஒருவர் தலைவர். அவர் சொல்ல, வெள்ளைக்கார மாணவன் ஒருவன் அளவுநாடா பிடித்தான். அதைப் பார்ப்பதற்காகவே நான் சம்பளமில்லாமல் வேலை செய்திருப்பேன். சம்பளம் கொடுக்கவும் இல்லை.

வேலிக்கு வெளியே போக ஒரு பாஸ்

மண் வெட்ட ஆள் வேண்டும். புக்கிட் பெலிம்பிங் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் கேட்கலாம் என்றேன். கடலோரக் களிமண் பூமி. கான் வெட்டாவிட்டால் ரப்பர் மரம் தண்ணீரில் நிற்கும். கான் என்றால் வடிகால். எங்கள் கான் வெட்டுகிறவர்கள் கயிறு பிடித்துக் கோடு போட்டாற்போல வெட்டுவார்கள்.

ஆனால் அது கம்பிவேலிக் காலம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் காவல். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாது என்று, வெளியே போகிற ஒவ்வொருவரையும் சோதனை போடுவார்கள். போத்தலில் வரக்கோப்பி கொண்டு போகலாம், சோறு கூடாது. கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். அப்படிப்பட்ட நாளில் தோட்டத்து ஆட்களைக் குன்றுக்குக் கூட்டிப் போக வேண்டுமென்றால் போலீஸ் பாஸ் வேண்டும்.

என் அப்பா தயங்காமல் வீராசாமியின் பெயரைச் சொன்னார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

வீராசாமி எங்கள் தோட்டத்தில் கான் மண்டோராக, அதாவது கான் வெட்டுகிறவர்களின் மேஸ்திரியாக, இருந்தவர். இருந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய தம்பி காட்டுக்கு அரிசி கொடுத்தான் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கொடுத்தானா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. எங்கோ ஒரு முகாமில் அடைத்து வைத்தார்கள். அண்ணனிடமிருந்து மண்டோர் வேலை போனது. அதோடு லயத்தில் பேச்சும் போனது. அவர் மனைவி பாக்கியம் குடத்தோடு குழாயடிக்கு வந்தால் மற்றப் பெண்கள் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். மண்டோரே, மண்டோரே என்று சுற்றி வந்தவர்கள் யாரும் இப்போது அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் சார் எடுத்துக்கொண்டார். போலீஸ் அதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு பாஸ் எழுதினார். பிறகு நேரில் வந்து பார்ப்பேன், இந்தத் தோண்டல் வேலையில் விஷயம் இருந்தால்தான் பாஸ் தொடரும், இல்லையென்றால் எல்லாரும் வேலிக்குள் போக வேண்டியதுதான் என்றார்.

மற்றவர்களுக்கு அது கூலி வேலை. வீராசாமிக்கு அது மானம். போலீஸே கையெழுத்துப் போட்டு வெளியே விடுகிறது என்றதும் லயத்தில் சிலர் அவரைப் பார்த்துத் தலையசைக்க ஆரம்பித்திருந்தார்கள். பாஸ் போய்விட்டால், போலீஸ் மறுபடியும் சந்தேகப்பட்டுவிட்டது என்றுதான் பேசுவார்கள். அப்புறம் அந்த மனிதர் தலை நிமிர முடியாது.

சோற்றுக்குப் பதில் ரொட்டி

குன்றில் சோறு கிடையாது. மதியம் எல்லாருமாக இறங்கி, டவுனில் சீனர் ஒருவரின் கோப்பிக் கடையில் உட்கார்ந்து ரொட்டி தின்போம். அங்கேயே தின்று முடிக்க வேண்டும். கையில் எடுத்துப் போகக் கூடாது. கரி அடுப்பில் வாட்டிய ரொட்டி, சூட்டில் உருகும் மார்ஜரின், மேலே சீனி. இன்றைக்கும் ரொட்டி வாட்டுகிற வாசனை வந்தால் எனக்குக் குன்றின் செம்மண் வாசனையும் சேர்ந்தே வரும்.

மண் கூடை சுமக்க வந்த பாக்கியமும் இன்னும் இரண்டு பெண்களும் சாரின் தமிழைக் கேட்டு முந்தானைக்குள் சிரிப்பார்கள். "இஞ்ச வாங்கோ" என்று அவர் கூப்பிட்டால், பாக்கியம், "ஐயா, நாங்க இங்கதானே இருக்கோம்லா," என்பாள். அவர் காது சிவக்கும். கோபம் வராது.

பூச்சுக்குள்ளே போன அரண்மனை

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

களிமண் பூசுவதற்கு முந்தின நாள் வரை அந்தச் சுவரில் என்ன தெரிந்தது என்று சொன்னால்தான் சார் ஏன் உட்கார்ந்தார் என்று புரியும். மேலே வெள்ளையாக ஒரு பட்டை: சிப்பிச் சுண்ணாம்பு போட்ட தரை. அதற்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை: சாம்பலும் கரியும். அதற்கும் கீழே மறுபடி வெள்ளை: இன்னொரு தரை. ஒரு பெரிய வீடு இருந்தது, எரிந்தது, எரிந்த இடத்தின் மேலேயே திரும்பக் கட்டினார்கள். சாதாரண ஆள் எரிந்த வீட்டின் மேல் அப்படிச் சுண்ணாம்புத் தரை போடமாட்டான் என்று சார் சொன்னார். வருகிறவர்களுக்குக் காட்ட எங்களிடம் இருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான். அன்று காலை பத்தரைக்கு மாவட்ட அதிகாரியும் போலீஸ் அதிகாரியும் வருகிறார்கள்.

ஆனால் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு வீராசாமி செய்ததும் புரிந்தது. துரை ரவுண்டு வருகிறார் என்றால், முதல் நாள் சாயங்காலமே கான் கரையைப் பூசி மெழுகிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மெழுகாத கானைத் துரைக்குக் காட்டுவது, அழுக்குச் சட்டையோடு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. நானும் சாரும் முந்தின நாள் மதியமே மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டோம். நான் டவுனில் அத்தை வீட்டில் தங்கியிருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துரைக்கு மேலே இருக்கிற ஆட்கள் வருகிறார்கள் என்று வீராசாமி கூடுதலாகவே மெழுகிவிட்டார்.

நான்தான் அவரிடம் சொன்னேன். "அண்ணே, அந்த வெள்ளைக் கோடும் கறுப்புக் கோடும் தெரியணும். அதுதான் அரண்மனை. அதைக் காட்டத்தான் அவங்களைக் கூப்பிட்டிருக்கோம்."

அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நானே மூடிட்டேனா பாப்பா?"

நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன்.

அதற்குள் வெள்ளைக்கார மாணவன் குழிக்குள் குதித்து, கொத்தனார் கரணையால் சுரண்டிப் பார்த்தான். களிமண் காய்ந்து கெட்டியாகப் பிடித்திருந்தது. ஒரு கட்டி பெயர்ந்தது. அதோடு சுவரும் கைப்பிடி அளவு பெயர்ந்து வந்தது. "நிப்பாட்டு," என்று சார் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மரத்தில் குரங்குகள் சத்தம் போட்டன. சார் எழுந்து சுவரருகே போய் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பிறகு பாக்கியத்தின் பக்கம் திரும்பினார்.

"பாக்கியம், நீர் ரப்பர்ப் பால் வெட்டுறனீர்தானே?"

"ஆமாங்கய்யா. எங்க பக்கத்து ரப்பர் காட்டை மூடுற வரைக்கும் மரத்துல பால் வெட்டினவதான்."

"உளி எங்க?"

"வீட்டுல இருக்கு."

"என்ர அப்பா தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதினவர். நான் சின்னனில லயத்துப் பிள்ளையளோட மரத்தடியில நிண்டு பாத்திருக்கிறன். பட்டையைக் காகிதம் மாதிரிச் சீவுவீங்கள், மரத்தில காயம் படாது. இதையும் அப்பிடிச் சீவேலுமோ?"

எங்களுக்கெல்லாம் அது புதுச் செய்தி. அவர் பெரிய டவுன் வீட்டில், பியானோ பக்கத்தில் பிறந்தவர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பாக்கியம் சுவரை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"மரம்னா பால் வந்து சொல்லும், நிறுத்துன்னு. இது ஒண்ணும் சொல்லாது. இருந்தாலும் சீவலாம் ஐயா. அந்த ரெண்டு பொம்பளைங்களும் வெட்டுவாங்க. மூணு உளி வேணும்."

கேட்டில் வைத்துவிட்டு வந்தது

லோரியில் நானும் பாக்கியமும் தோட்டத்துக்குப் போனோம். வழியெல்லாம் அவள் முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டே வந்தாள். உளிகளை எடுத்துக்கொண்டு திரும்பினால், கேட்டில் காவலர் மறித்தார். ஆயுதம் எதுவும் வெளியே போக வேண்டுமென்றால் துரையின் சீட்டு வேண்டுமாம். துரை வேறு டிவிஷனில் இருந்தார். நான் எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன், பிறகு சண்டை போட்டேன். சண்டையில் எனக்குக் கொஞ்சம் திறமை உண்டு என்று இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அன்று அது பலிக்கவில்லை.

பாக்கியம் இடுப்பிலிருந்து தன் ஐ.சி.யை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"இதை வச்சிக்க. சாயங்காலம் உளியைக் குடுத்துட்டு வாங்கிக்கிறேன்."

அவசரகாலத்தில் அடையாள அட்டை இல்லாமல் ரோட்டில் நடப்பது விளையாட்டா? பிடித்தால் நேரே உள்ளேதான். அதுவும் தம்பி முகாமில் இருக்கிற குடும்பம். காவலர்கூட ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அட்டையை எடுத்து டிராயரில் போட்டுக்கொண்டு கையைக் காட்டினார்.

"வேணாம் பாக்கியம்," என்றேன்.

"அவரு பேரு போச்சுன்னா இந்தக் கார்டை வச்சிக்கிட்டு நான் என்னா பண்ண?" என்றாள். லோரியில் ஏறினாள்.

செருப்பைக் கழற்றியவர்

மூன்று பெண்களும் குழிக்குள் இறங்கினார்கள். உளியின் வளைந்த வாயைச் சுவரில் சாய்த்து வைத்துத் தன் பக்கம் இழுத்தாள் பாக்கியம். களிமண் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தது. முதலில் வெறும் களிமண். அப்புறம் ஒரு சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. "நிறுத்து, நிறுத்து," என்றார் சார், குழந்தையைக் கொஞ்சுகிற குரலில். வீராசாமி குழிக்கு மேலே குந்தியிருந்தார். ஒவ்வொரு சுருள் விழும்போதும் அவர் உதடு அசைந்தது.

சுவரில் முக்கால்வாசி தெளிந்திருந்தது. ஜீப் சத்தம் கேட்டது.

போலீஸ் அதிகாரி வெள்ளைக்காரர், பூட்ஸ் போட்ட நெட்டை மனிதர். மாவட்ட அதிகாரி மலாய்க்காரர். சொங்கோக் தொப்பி, வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். போலீஸ்காரர் சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் ஆட்களைத்தான் பார்த்தார். எல்லாரும் அடையாள அட்டையை எடுங்கள் என்றார்.

பாக்கியம் குழிக்குள் உளியோடு நின்றாள். கையில் அட்டை இல்லை.

இந்தப் பெண் யார் என்று கேட்டார். வீராசாமியின் மனைவி என்று யாரோ சொன்னார்கள். அவர் தலையை ஆட்டினார். இந்த மாதிரி ஆட்களை வேலிக்கு வெளியே விட்டால் இப்படித்தான், வேலையை இன்றோடு மூடுங்கள் என்று ஆங்கிலத்தில் சாரிடம் சொன்னார். வீராசாமிக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, அந்தக் குரலே போதும். அவர் பாஸை எடுத்துத் திருப்பிக் கொடுப்பதற்குத் தயாராகக் கையில் பிடித்துக்கொண்டார்.

நான் முன்னால் போனேன். சார் தடுக்கப் பார்த்தார், நான் நிற்கவில்லை. அட்டை எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, இந்தப் பெண் எதற்காக அதை வைத்துவிட்டு வந்தாள் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். கான் கரையை மெழுகுகிற வழக்கத்தையும் சொன்னேன். "உங்களுக்கு மரியாதை செய்யத்தான் அரண்மனையை மூடினார்கள். உங்களுக்குக் காட்டத்தான் இப்போது திறக்கிறார்கள்," என்றேன்.

போலீஸ் அதிகாரி வாயைத் திறந்தார். அதற்குள் மாவட்ட அதிகாரி குழியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். வெள்ளை, கறுப்பு, வெள்ளை. சார் மெதுவாக விளக்கினார்: இது முதல் அரண்மனை, இது தீ, இது திரும்பக் கட்டியது. குழியின் அடியில் அந்தப் பழைய தரை கொஞ்சம் திறந்து கிடந்தது. மாவட்ட அதிகாரி குனிந்து செருப்பைக் கழற்றினார். கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு இறங்கினார். எங்கள் ஊரில் யார் வீட்டுக்குள் போனாலும் அப்படித்தான் போவோம். அது ஒரு வீடு என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. அத்தனை நாளும் நான் அதன்மேல் சப்பாத்தோடு நடந்திருந்தேன்.

அவர் சாம்பல் பட்டையைத் தொட்டார். விரலைப் பார்த்தார். பிறகு மேலே நின்ற போலீஸ் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இது எங்கள் ராஜாவின் வீடு. இவர்கள் தொடர்ந்து வரட்டும். பாஸுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்."

வீராசாமியிடம் கையை நீட்டி அந்தப் பாஸை வாங்கி, குழிச் சுவரில் படாமல் தன் முழங்காலில் வைத்துக் கையெழுத்திட்டார். போலீஸ் அதிகாரியின் பூட்ஸ் கடைசிவரை மேலேயே நின்றது.

நாங்கள் தோண்டியது ஒரு தலைநகரம். தோண்டியவர்கள் எங்கள் ஆட்கள். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு விம்முகிறது. மறைப்பானேன்?

அன்று சாயங்காலம் நானும் லோரியில் தோட்டத்துக்குப் போனேன், பாக்கியத்தின் அட்டையை மீட்க. காவலர் உளிகளை வாங்கிப் பார்த்துவிட்டு அட்டையைக் கொடுத்தார். அடுத்து வீராசாமி. குழாயடி கேட்டுக்குப் பக்கத்தில்தான். வேலை முடித்து வந்த சனமெல்லாம் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"டாரி மானா?" என்றார் காவலர். எங்கிருந்து வருகிறாய் என்று.

வீராசாமி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இஸ்தானா," என்றார். அரண்மனையிலிருந்து.

காவலர் அவர் முகத்தையே பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்ததும் பாஸை விரித்தார். மாவட்ட அதிகாரியின் கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டை அகலத் திறந்தார்.

வீராசாமி உள்ளே நடந்தார். குழாயடியில் பேச்சு நின்றிருந்தது. பிறகு அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"என்னா மண்டோரே, இன்னிக்கு இவ்வளவு நேரம்?"